பாரீஸ் கண்காட்சியும் நம் கூத்தும்

கூத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் ஆர்த்தோவைப் படித்துவிட்டேன். இந்த வரிசைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் ஒரு ஜெராக்ஸ் பிரதியைக் கையில் திணித்தார். அந்தோனின் ஆர்த்தோவின் ‘நாடகமும் அதன் இரட்டையும்’. மேரி கரோலின் ரிச்சர்ட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பாலித் தீவின் நாடகம் பற்றி அதில் வரும் பகுதியை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. மேடை நாடகாசிரியனுக்குச் சொந்தமானதல்ல, பேச்சுக்கு அது அடிமைப்பட வேண்டியதில்லை, உடலும் ஒலியும் சைகையுமே ஒரு முழு மொழியாகிவிட முடியும் என்று பாலிக் கலைஞர்களைச் சாட்சிக்கு அழைத்து அவர் வாதிக்கிறார். சபா நாடக வசனங்களில் மூச்சுத் திணறிப் போயிருந்த என் போன்றவனுக்கு அது ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு வங்கி வேலை. பழைய வடஆற்காடு மாவட்டத்தில் ஒரு கிளைக்கு மாற்றல். அங்கே ஒரு திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் முதல் முதலாகத் தெருக்கூத்து பார்த்தேன். பொழுது விடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஆர்த்தோ சொன்னவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அங்கே தேடிக் கண்டெடுத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து கிரீடமும் புஜக்கட்டையும் அசைய வெளிப்பட்ட துரியோதனன் எனக்கு உயிர்பெற்ற சித்திர எழுத்தாகத் தெரிந்தான். ஒரு சிறுபத்திரிகையில் எட்டுப் பக்கம் எழுதினேன். ‘சொல்லைக் கடந்த ஆதிச் சடங்கு’ என்ற தொடர் அதில் நான்கு இடத்தில் வருகிறது. பிற்பாடு எண்ணிப் பார்த்தேன்.

அப்போது எனக்குத் தோன்றாத கேள்வி ஒன்று உண்டு. ஆர்த்தோ பாலி நாடகத்தை எங்கே பார்த்தார்?

பாலியில் அல்ல. அவர் அந்தத் தீவுக்குப் போனதே இல்லை. பாரீஸ் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், வேன்சேன் காட்டில், 1931-இல் நடந்த சர்வதேசக் காலனியக் கண்காட்சியில் பார்த்தார். ஆறு மாதம் நடந்த அந்தக் கண்காட்சியின் விளம்பர வாசகமே ஒரே நாளில் உலகத்தைச் சுற்றி வரலாம் என்பதுதான். ஆகவே ஒரு விழா, ஒரு உல்லாசப் பயணம், ஒரு நுழைவுச்சீட்டு இவற்றின் வழியாகவே இந்த நூற்றாண்டின் நாடகச் சிந்தனையும் கடந்த நூற்றாண்டின் நாடகச் சிந்தனையும் தம் மிகப் பெரிய ஆதர்சங்களில் ஒன்றைப் பெற்றிருக்கின்றன. விழாக்களும் சுற்றுலாவும் நாடுகளுக்கிடையே புரிதலை வளர்க்கின்றன என்று எல்லா அரசாங்கங்களும் சொல்கின்றன. அதைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கண்காட்சியும் சுற்றுலாத் தொழிலும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். 1851-இல் லண்டனில் பளிங்கு மாளிகைக் கண்காட்சி நடந்தபோது, தாமஸ் குக் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரை ரயிலில் ஏற்றி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு ஐரோப்பிய நகரங்கள் மாறி மாறி உலகத்தைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து காட்டின. முதலில் இயந்திரங்களையும் சரக்குகளையும் காட்டினார்கள். பிறகு மனிதர்களையும் காட்டத் தொடங்கினார்கள்.

1889-இல் ஐஃபல் கோபுரத்தோடு திறந்த பாரீஸ் கண்காட்சியில் ஒரு ஜாவா கிராமம் அமைக்கப்பட்டது. மூங்கில் வீடுகள், நெசவு, சமையல், நடுவில் ஒரு மேடை. கமலான் வாத்தியக் குழு மேற்கு ஜாவாவின் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சுந்தானியர்களுடையது. ஆடிய நான்கு இளம்பெண்கள் நடு ஜாவாவின் சுரகர்த்தா அரண்மனையைச் சேர்ந்தவர்கள். ஊரில் இவர்கள் ஒரே மேடையில் சேர்ந்திருக்கவே மாட்டார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. வந்தவர்களில் ஒருவர் கிளோத் தெபுஸ்ஸி, வயது இருபத்தாறு. அந்த இசையை அவர் மறக்கவே இல்லை. பியானோவுக்காக 1903-இல் அவர் எழுதிய ‘பகோடாக்கள்’ அந்தக் கிராமத்திலிருந்து வந்தது. கோகெனும் அந்தக் கிராமத்தைச் சுற்றி வந்தவர்தான். இரண்டு வருஷம் கழித்து அவர் தாஹித்திக்குக் கப்பல் ஏறினார்.

இந்த வரிசையில் வருவதுதான் 1931. ஆனால் அதன் நோக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை. பேரரசு இருக்கிறது, அது நல்லது செய்கிறது என்று காட்டுவதற்காகவே மார்ஷல் லியோத்தேயின் தலைமையில் கட்டப்பட்டது. அங்கோர் கோயிலின் பிரம்மாண்டமான நகல் ஒன்று எழும்பியது. புதுச்சேரி அடங்கிய பிரெஞ்சு இந்தியாவுக்கும் ஒரு மண்டபம் உண்டு. மூன்று கோடிக்கு மேல் நுழைவுச்சீட்டுகள் விற்றன. அதே கோடையில் நகரத்தின் மறுபக்கம், ஒரு மிருகக்காட்சிப் பூங்காவில், நியூகலிதோனியாவிலிருந்து கூட்டிவந்த நூற்றுக்கு மேற்பட்ட கனாக் மக்களை நரமாமிசம் தின்பவர்கள் என்று வேஷம் கட்டவைத்துக் காட்டினார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் வியத்நாமில் யென்பாய் எழுச்சி ரத்தத்தில் அடக்கப்பட்டிருந்தது. ப்ரெத்தோன், எலுவார், அரகோன் முதலிய சர்ரியலிஸ்டுகள் கண்காட்சிக்குப் போகாதீர்கள் என்று துண்டறிக்கை விட்டார்கள். காலனிகள் பற்றிய உண்மை என்று ஒரு எதிர்க் கண்காட்சியும் நடந்தது. கூட்டம் வரவில்லை.

ஆர்த்தோ அந்தக் குழுவிலிருந்து 1926-லேயே வெளியேற்றப்பட்டவர். அவர் போனார். அவருக்கு இது முதல் தடவையும் அல்ல. 1922-இல் மார்செய்யில் நடந்த காலனியக் கண்காட்சியில், இன்னொரு அங்கோர் நகலுக்கு முன்னால், கம்போடிய நடனம் பார்த்திருந்தார். 1931-இல் ஹாலந்துக்காரர்கள் பாலியிலிருந்து ஐம்பது பேர் அளவில் ஒரு குழுவை வரவழைத்திருந்தார்கள். அந்தக் கோடையில் அதைப் பார்த்துவிட்டு அவர் எழுதிய கட்டுரை அக்டோபரில் வந்தது. 1938-இல் புத்தகத்தில் சேர்ந்தது. மற்றது நமக்குத் தெரியும்.

இப்போது மேடையில் இருந்தது என்ன என்று பார்க்கலாம்.

குழு பெலியாத்தான் என்ற ஊரைச் சேர்ந்தது. தலைமை தாங்கி வந்தவர் உபுத் அரச குடும்பத்தவரான சொகோர்தா கெதே ராக்கா சுகாவதி. டச்சு இந்தியாவின் ஆலோசனை சபையில் அங்கத்தினராக இருந்த அரசியல்வாதி. 1946-லிருந்து 1950 வரை கிழக்கு இந்தோனேசிய அரசின் ஜனாதிபதியாகவும் இருந்தார். அவர்கள் காட்டியது ஒரு முழு நாடகத்தையும் அல்ல. பாரீஸ் ரசிகர்களின் பொறுமைக்குத் தக்கபடி பல நடனங்களிலிருந்து எடுத்துக் கோர்த்த ஒரு மாலை நேர நிகழ்ச்சி. அதில் கெப்யார் இருந்தது. கெப்யார் என்ற அந்த வெடிப்பான வாத்தியப் பாணி வட பாலியில் 1915-ஐ ஒட்டிப் பிறந்தது. ஆர்த்தோ பிறந்தது 1896-இல். தன்னைவிடப் பத்தொன்பது வயது இளைய ஒரு கலையை அவர் ஆதியானது என்று நினைத்துக்கொண்டார். ஜங்கெரும் இருந்தது. அது 1920களில் தீவெங்கும் பரவிய இளைஞர்களின் பொழுதுபோக்கு.

வசனம் இல்லாததும் அப்படித்தான். பாலியின் நாடக வகைகள் பலவற்றில் அரசர்களும் தேவர்களும் பழைய கவி மொழியில் பேசுவார்கள். ஜனங்களுக்கு அது புரியாது. பெனசார் என்ற கோமாளிச் சேவகர்கள் அதை ஊர்ப் பேச்சில் மொழிபெயர்த்து, நடுவில் உள்ளூர் வம்பையும் கலந்து சிரிக்கவைப்பார்கள். கட்டியங்காரனைத் தெரிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பேச்சு அந்தக் கலையில் நிரம்பி வழிகிறது. பாரீஸில் அதைக் கேட்டுச் சிரிக்க ஆள் இல்லாததால் அது பின்னுக்குப் போயிற்று. ஆர்த்தோ அந்த இடைவெளியைப் பார்த்து அதுவே அக்கலையின் சாரம் என்று எழுதினார்.

குரோட்டோவ்ஸ்கி இதை 1967-லேயே சொல்லிவிட்டார். ஆர்த்தோ பிரபஞ்ச ரகசியத்தின் குறிகளாகக் கண்டவை பாலியில் எல்லோருக்கும் தெரிந்த நாடக எழுத்துகள், அவருடைய வாசிப்பு ஒரு பெரிய தவறான வாசிப்பு என்றார். சொல்லிவிட்டு, ஆர்த்தோவை ஒதுக்கிவிடவும் இல்லை. அந்தத் தவறு ஐரோப்பிய நாடகத்துக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் இதில் மறுப்பு இல்லை. தவறாகப் படித்ததிலிருந்து பெரிய கலை பிறக்கலாம். ஆனால் அதற்குப் புரிதல் என்று பெயர் வைக்கும்போதுதான் பிரச்னை வருகிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. ஒரு பற்று எழுதினால் எங்கேயோ ஒரு வரவு எழுதியாக வேண்டும் என்பது எனக்குப் பழக்கமாகிவிட்ட ஒழுங்கு. இந்த வரலாற்றில் பார்த்தவர்களின் பக்கம் மட்டும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தெபுஸ்ஸிக்கு என்ன கிடைத்தது, ஆர்த்தோவுக்கு என்ன கிடைத்தது என்று அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் உண்டு. மறுபக்கத்துக்குப் போனால் ஏடு வேறு மாதிரி இருக்கிறது.

பாலியின் பக்கத்தில் முதல் பதிவு 1906. அந்த செப்டம்பர் 20-ஆம் தேதி பாடுங் அரசரும் அவருடைய குடும்பமும் பரிவாரமும் வெள்ளை உடுத்தி, கையில் கிரிஸ் வாளோடு, டச்சுத் துப்பாக்கிகளை நோக்கி நடந்து வந்து செத்தார்கள். புபுத்தான் என்று பெயர். 1908-இல் க்லுங்குங்கில் மறுபடியும். இந்தச் சாவுகள் ஐரோப்பாவில் அவப்பெயரை உண்டாக்கின. அதைத் துடைக்க வேண்டியிருந்த டச்சு நிர்வாகம் பாலியின் பண்பாட்டைக் காக்கும் காவலன் என்று தன்னைக் காட்டிக்கொண்டது. கப்பல் கம்பெனி பயணிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1928-இல் அந்தக் கம்பெனியே தென்பசாரில் பாலி ஹோட்டலைத் திறந்தது. 1906-இல் ரத்தம் சிந்திய இடத்துக்கு வெகு பக்கத்தில். மூன்று வருஷம் கழித்து வேன்சேனில் குழு ஆடியது இதன் தொடர்ச்சி. கப்பலில் ஆளை அழைத்துவருவதற்கான விளம்பரம்.

ஆனால் இத்தோடு ஏட்டை மூடிவிட்டால் பாலிக்காரர்களை மறுபடியும் வெறும் பார்வைப் பொருளாக்கிவிடுகிறோம். அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1927-லிருந்து பாலியில் வாழ்ந்த ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸ், வயன் லிம்பாக் என்ற நடனக்காரரோடு சேர்ந்து, சங்ஹியாங் என்ற ஆவேசச் சடங்கில் பாடும் ஆண்களின் கோஷத்தைப் பிரித்தெடுத்து, ராமாயணக் கதையைச் சேர்த்தார். 1930களில் பயணிகளுக்காக இப்படி உருவானதுதான் கெச்சாக். இன்று அது பாலியின் அடையாளம். போலி என்று சுலபமாகச் சொல்லலாம். ஆனால் ஆடுகிறவன் பாலிக்காரன், தாளம் பாலியுடையது, சம்பளம் ஊருக்கு வருகிறது. பெலியாத்தான் குழுவும் பாரீஸோடு நின்றுவிடவில்லை. 1952-இல் அதே ஊர்க்காரர்கள் நியூயார்க்கில் ஆடினார்கள். அப்போது அவர்கள் சுதந்திர நாட்டின் பிரஜைகள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1971-இல் நடந்த ஒன்று. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஜெட் விமானங்கள் இறங்கும் நிலையம் திறந்து பயணிகள் வெள்ளமாக வரத் தொடங்கியிருந்தார்கள். பாலியின் அதிகாரிகளும் அறிஞர்களும் கூடி ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள். எது விற்கலாம், எது விற்கக் கூடாது? புனித நடனம், லௌகீக நடனம் என்று பிரிக்கப் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய இரண்டு சொற்களுமே ஐரோப்பாவிலிருந்து வந்தவை. கடைசியில் தங்கள் வழக்கிலேயே மூன்றாகப் பிரித்தார்கள். கோயிலின் உட்பிராகாரத்தில் வழிபாடாகவே நடப்பது, வழிபாட்டை ஒட்டி நடப்பது, பார்ப்பதற்கென்றே நடப்பது. இந்தக் கோடுகள் எல்லா இடத்திலும் காப்பாற்றப்பட்டன என்று நான் சொல்லவில்லை. பார்க்கப்பட்டவர்கள் தங்களைப் பார்க்கிறவனைப் பற்றி யோசித்து எடுத்த முடிவு என்பதுதான் விஷயம். பாலியைப் புரிந்துகொள்ள ஆர்த்தோவின் கட்டுரையைவிட இந்த முடிவு எனக்கு அதிகம் உதவுகிறது.

நமக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு. அது காலியாகக் கிடக்கிறது. 1838-இல், அதாவது இந்தக் கண்காட்சிகளெல்லாம் தொடங்குவதற்கு முன்பே, தார்திவெல் என்ற பிரெஞ்சு ஏற்பாட்டாளர் கடலூருக்கு அருகில் திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகள் ஐந்து பேரையும் வாத்தியக்காரர்களையும் ஒப்பந்தம் பேசிப் பாரீஸுக்குக் கூட்டிப்போனார். அரசர் லூயி பிலிப்பின் முன்னால் ஆடினார்கள். பிறகு லண்டனில் ஆடினார்கள். தெயொஃபில் கோத்தியே அமனி என்ற இளம்பெண்ணைப் பற்றி மயங்கி எழுதினார். ஒகுஸ்த் பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வார்த்தார். சிலை இருக்கிறது. கோத்தியேயின் கட்டுரை இருக்கிறது. அவள் பெயர் அம்மணியாக இருக்கலாம். மற்றவர்களின் பெயர்களையும் பிரெஞ்சுப் பத்திரிகைகளின் உச்சரிப்பிலிருந்துதான் நாம் ஊகிக்கவேண்டியிருக்கிறது. அவர்கள் பாரீஸைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்று எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. நட்டுவனாரிடம் யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால், என்ன பதம் ஆடினார்கள், எதை விட்டுவிட்டார்கள், பார்க்கிறவர்கள் எங்கே கைதட்டினார்கள், அது சரியான இடமா என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

இந்தக் கேள்விகளை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. நான் கூத்தைப் பற்றி எழுதிய கட்டுரை வந்த சில மாதங்களில், அன்று துரியோதன வேஷம் கட்டியவர் நகைக் கடனை மாற்றிவைக்க எங்கள் கிளைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். வேலை முடிந்ததும் என் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

“பையன் படிச்சுக் காட்டுனான் சார். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா பாட்டப் பத்தி ஒண்ணுமே எழுதலியே?”

உடம்பின் மொழி அது இது என்று ஏதோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ராத்திரி பூரா பாடறோம் சார். விடிஞ்சா தொண்டை இருக்கறதில்ல. எங்க வாத்தியாரு நோட்டுல எழுதிக் குடுத்து, ஒரு அடி தப்புனா குச்சியால போடுவாரு. நீங்க பேச்சே இல்லாத கலைன்னு எழுதிட்டீங்க.”

கொஞ்சம் தயங்கிவிட்டு இதையும் சொன்னார்.

“அன்னிக்குக் கட்டியக்காரன் உங்களப் பத்திதான் ரெண்டு வார்த்தை சொன்னான். ‘சூதாடப் பணம் பத்தலன்னா சொல்லுங்க மகாராஜா, பேங்க்காரரு முன்னாடியே குந்திக்கினு இருக்காரு’ன்னு. சனமெல்லாம் சிரிச்சுது. நீங்க மட்டும் சிரிக்கல. கோவமோன்னு நெனச்சோம்.”

கோபமில்லை. அது என் காதில் விழவே இல்லை. என் தாய்மொழியில், என்னைக் குறித்து, பத்தடி தூரத்தில் சொல்லப்பட்ட வார்த்தை. சித்திர எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தவனுக்குத் தமிழ் கேட்கவில்லை. ஆர்த்தோவுக்குப் பாலி மொழி தெரியாது, அவருக்கு அந்தச் சமாதானமாவது உண்டு. எனக்கு அதுவும் இல்லை. வேன்சேன் காட்டில் விற்ற நுழைவுச்சீட்டு ஒன்று எப்படியோ என் சட்டைப் பையிலும் இருந்திருக்கிறது.

நகரத்துக் கலைவிழாக்களில் பூங்காவில் அரை மணி கூத்து ஆடுவது பற்றி அவரிடம் கேட்டேன். அது கலையைக் கொல்கிறது என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. “கூலி நல்லாக் குடுக்கறாங்க. அங்க ஆடறது வேற, கோயில்ல ஆடறது வேற. எங்களுக்குத் தெரியும் சார்” என்றார். 1971-இல் பாலிக்காரர்கள் கருத்தரங்கு கூட்டிச் சொன்னதை அவர் நகைக் கடன் ரசீதை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

ஒரு விழாவை, ஒரு பயணத்தை நாம் படிக்க வேண்டுமானால் மேடையில் தெரிவதோடு நிற்கக் கூடாது. யார் வரவழைத்தது, யார் பணம் கொடுத்தது, எட்டு மணி நேரத்திலிருந்து எது வெட்டப்பட்டது, வெட்டியது யார், ஆடியவர் நம்மைப் பற்றி என்ன சொன்னார் என்பதுவரை போகவேண்டும். வேன்சேனில் அந்தக் கண்காட்சிக்காகக் கட்டிய நிரந்தரக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 2007 முதல் அது பிரான்ஸில் குடியேறியவர்களின் வரலாற்று மியூசியம். பாரீஸ்காரர்களே ஏட்டின் மறுபக்கத்தை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

சென்ற பங்குனியில் மறுபடி அதே ஊருக்குப் போனேன். ஆர்த்தோவை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன் என்று சொல்லமாட்டேன், அது முடிகிற காரியமில்லை. ஆனால் சூதாட்டக் காட்சியின் பாட்டுகளை அவருடைய நோட்டிலிருந்து முன்னதாகவே எழுதி எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டியங்காரன் வந்தான். கூட்டம் சிரித்தபோது பாதிக்கு நானும் சிரித்தேன். மீதி புரியவில்லை. பக்கத்தில் தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஆயாவிடம் கேட்டேன். “உஷ், பாட்டு வருது, அப்புறம் சொல்றேன்” என்றார்.